ஞாயிற்றின் கொதிப்புக்கு இலக்கணம் கண்ட தமிழர்

ஞாயிற்றைப் பாடாத மரபு தமிழில் இல்லை. சங்கச் சான்றோர் அதன் செலவினை வியந்து பாடினர். இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் வாழ்த்திலே திங்களோடும் மழையோடும் ஞாயிற்றையும் வைத்துப் போற்றினார். உழவர் பெருமக்கள் தைத் திங்கள் முதல்நாளில் புதுப்பானையிலே பொங்கலிட்டு அதற்குப் படைக்கின்றனர். பானை பொங்குவது கண்டு மகிழும் அம்மக்கள் வணங்கும் ஞாயிறும் ஒருவகையில் பொங்கற் பானையே. அதன் உள்ளும் ஓயாத பொங்குதல் நிகழ்கின்றது. வேறுபாடு ஒன்று உண்டு. பானை அடுப்பின்மேல் அசையாது நிற்கின்றது. ஞாயிறோ தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பொங்குகின்றது.

சுழலும் ஒன்றின் கொதிப்பு எவ்வாறு இருக்கும்? சுழற்சி அக்கொதிப்பை வளர்க்குமா, அடக்குமா? அடக்குமாயின் எந்த அளவுக்கு அடக்கும்? இவ்வினாக்களைக் கணித நெறியில் எழுப்பி, எண்ணளவில் விடை கண்டவர் பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் நிறைக்கு எல்லை வகுத்தவர் என்றே உலகம் அவரைப் போற்றுகின்றது. அப்புகழின் ஒளியில் மங்கித் தோன்றும் இப்பணியும் அவர் வாழ்வின் பெரும்பணிகளுள் ஒன்றாகும்.

பிறப்பும் பெற்றோரும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். காவிரி நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம் அது. தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் அரசின் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர்பதவி வகித்தவர். வயலின் இசைப்பதில் வல்லவர். கருநாடக இசையின் இலக்கணம் பற்றி நூல் எழுதியவர். அவருடைய இளவல்தான் 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். பிள்ளைகள் பதின்மருள் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர்.

தாயார் சீதாலட்சுமி அம்மையாரைப் பற்றித் தமிழிலக்கிய அன்பர்கள் சிறப்பாக அறிதல் வேண்டும். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் எழுதிய பொம்மை வீடு என்னும் நாடகத்தை அவர் தமிழில் பெயர்த்தவர். ஒரு பெண் தன் வீட்டின் வாயிலைக் கடந்து வெளியேறுவதில் முடியும் நாடகம் அது. பெண்கள் கல்வி பெறுவதே அரிதாயிருந்த காலத்தில், பத்து மக்களைப் பெற்று வளர்த்த ஒரு தாய் இத்தகைய நாடகத்தைத் தேர்ந்து தமிழாக்கினார் என்பது எண்ணிப் போற்றத்தக்கது. கணித மேதை இராமானுசன் 1920இல் மறைந்த செய்தியைச் செய்தித்தாளில் படித்துச் சிறுவன் சந்திரசேகருக்குச் சொன்னவரும் அவ்வம்மையாரே. வறுமையையும் தடைகளையும் கடந்து ஒரு தமிழர் உலகக் கணித அறிஞர் வரிசையில் நின்றார் என்னும் அச்செய்தி, ஒன்பது வயதுச் சிறுவனின் உள்ளத்தில் நீங்கா இடம்பெற்றது.

சென்னைக் கல்வி

1918ஆம் ஆண்டில் தந்தையார் சென்னைக்கு மாற்றலானார். 12 வயது வரை வீட்டிலேயே கற்ற சந்திரசேகர், 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகன் ஆட்சிப்பணித் தேர்வெழுதி உயர்பதவி பெறுதல் வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அவன் உள்ளம் விரும்பும் அறிவியலையே கற்கட்டும் என்பது தாயாரின் உறுதி. தாயின் உறுதியே வென்றது.

1928இல் செருமானிய இயற்பியலறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவரைத் தேடிச்சென்று கண்ட கல்லூரி மாணவர், தாம் கற்ற இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை அவர் வாயிலாக அறிந்தார். அறிந்ததும் சோர்ந்திலர். புதிய குவாண்டம் இயற்பியலைத் தாமே முயன்று கற்று, மாணவப் பருவத்திலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது 1929இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

கடலும் கணக்கும்

இந்திய அரசின் உதவித்தொகை பெற்று 1930ஆம் ஆண்டு சூலைத் திங்கள் இறுதியில் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது தாயார் நோயுற்றிருந்தார். மகன் திரும்பி வரும்வரை தாம் இருப்பது ஐயமே என்பதை உணர்ந்தும் அவ்வம்மையார் அவரைத் தடுக்கவில்லை. செல்க என்றே விடைகொடுத்தார். மறு ஆண்டு மே மாதம் தாயார் மறைந்த செய்தி கேம்பிரிட்ஜில் இருந்த மகனை எட்டியது. வாயிலைக் கடந்து செல்லும் பெண்ணின் கதையைத் தமிழில் தந்தவர், தம் மகனுக்கும் வாயிலைத் திறந்துவிட்டே சென்றார்.

அக்கடற்பயணத்திலேதான் பத்தொன்பது வயது இளைஞர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்கள் ஓர் எல்லைக்கு மேல் நிறையைத் தாங்கமாட்டா என்பதைக் கணக்கிட்டுக் கண்டார். ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.44 மடங்கு என்று பின்னர் வரையறுக்கப்பட்ட அவ்வெல்லை இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆனால் அன்று அது ஏற்கப்படவில்லை. 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியற் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்த சர் ஆர்தர் எடிங்டன், வானியல் உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர், அம்முடிவை நகைப்புக்குரியதாக்கினார். அவை சிரித்தது. மறுமொழி கூற இளைஞருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அவர் கணக்கில் பிழையில்லை என்று தனியே ஒப்பிய பேரறிஞர்களும் வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை.

இத்தகைய தோல்வி ஒருவரை முறித்துவிடுதல் கூடும். ஓயாத பூசலில் ஆழ்த்திவிடுதலும் கூடும். சந்திரசேகரோ இரண்டுக்கும் இடங்கொடுக்கவில்லை. தாம் கண்டதையெல்லாம் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய நூலாக எழுதி 1939இல் வெளியிட்டார். பின் அத்துறையை விட்டு விலகினார். எடிங்டனோடு கொண்ட நட்பை மட்டும் விடவில்லை.

ஒரு துறைக்கு ஒரு தவம்

1936ஆம் ஆண்டு தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு இயற்பியல் பயின்ற இலலிதா துரைசாமி அம்மையாரை மணந்தார். அப்பயணத்தில் இராமானுசனின் துணைவியாரைக் கண்டு, அம்மேதையின் கடவுச்சீட்டு ஒளிப்படத்தைப் பெற்று உலகுக்கு அளித்தார். இன்று இராமானுசன் என்றதும் நம் கண்முன் தோன்றும் முகம் அப்படத்தின் முகமே.

1937இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்சு வானாய்வகத்தில் பணியேற்றார். விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரைச் சிற்றூரில் அமைந்தது அது. நிறம் காரணமாக அவர் சிகாகோவில் பாடம் நடத்துவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் இராபர்ட் ஹட்சின்சு அவருக்குத் துணைநின்றார். அப்பல்கலைக்கழகத்திலேயே தம் எஞ்சிய வாழ்நாளை அவர் கழித்தார்.

அவர் உழைத்த முறை தனித்தன்மை வாய்ந்தது. ஒரு துறையைத் தேர்வார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதிலே மூழ்குவார். அடுக்கடுக்காகக் கட்டுரைகள் எழுதுவார். முடிவில் அத்துறை முழுவதையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூல் யாப்பார். நூல் முடிந்ததும் அத்துறையை விட்டு நீங்கி, வேறொன்றில் மாணவராய்ப் புகுவார். விண்மீன்களின் அமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் பரவுதல் என மூன்று துறைகளை இவ்வாறு கடந்தபின், 1952ஆம் ஆண்டளவில் நான்காவதாக அவர் தேர்ந்ததே கொதிப்பின் இயல்பு.

உலைநீரின் இலக்கணம்

அடுப்பிலேற்றிய உலைநீரைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அடிநீர் சூடேறி விரிந்து இலேசாகின்றது. மேல்நீர் கனத்து நிற்கின்றது. இலேசானது மேலேறவும் கனத்தது கீழிறங்கவும் முயல்கின்றன. ஆயினும் சூட்டின் வேறுபாடு சிறிதாயிருக்கும்வரை நீர் அசைவதில்லை. நீரின் பிசுக்கு அதனைப் பற்றி நிறுத்துகின்றது. வெப்பமோ நீர் அசையாமலே மெல்லக் கசிந்து மேலே செல்கின்றது. வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்த பின்னரே நீர் புரளத் தொடங்குகின்றது. ஓரிடத்தில் எழுந்து, மேலே பரவி, குளிர்ந்து, வேறிடத்தில் இறங்கும் இவ்வியக்கத்தை வெப்பச்சலனம் என்பர்.

1900ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் பெனார், மெல்லிய பாய்மப் படலத்தை அடியிலிருந்து சூடாக்கி, அதில் தேனடை போன்ற அறைகள் தோன்றுவதைக் கண்டார். 1916இல் ஆங்கில அறிஞர் ரேலி அதற்குக் கணிதம் வகுத்தார். சூட்டின் வேறுபாடு, படலத்தின் ஆழம், பிசுக்கு, வெப்பம் கசியும் தன்மை ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பெறும் எண் ரேலி எண் எனப்படும். மேலும் கீழும் திண்ணிய தட்டுகளால் மூடப்பட்ட படலத்தில் அவ்வெண் ஏறத்தாழ 1708ஐத் தொட்டால்தான் பாய்மம் புரளும்.

சந்திரசேகர் எழுப்பிய வினா இதற்கு அடுத்த படியாகும். அப்பாத்திரத்தைச் சுழற்றினால் என்ன நிகழும்? விண்மீன்கள் அனைத்தும் சுழல்கின்றன. எனவே சுழலாத பாத்திரத்தின் இலக்கணம் வானுக்குப் போதாது.

சுழற்சியின் பிடி

சுழலும் பாத்திரத்தில் இயங்கும் ஒவ்வொரு துளியும், தான் செல்ல விழையும் திசையிலிருந்து பக்கவாட்டில் திருப்பப்படுகின்றது. இதனைக் கொரியோலிசு விசையின் விளைவு என்பர். விரைவாகச் சுழலும் பாய்மத்தில் மெதுவான ஓட்டம், சுழல் அச்சின் நெடுக ஒரே சீராக அமைந்தாக வேண்டும் என்று பிரவுட்மன், டெய்லர் ஆகிய ஆங்கில அறிஞர்கள் முன்னரே காட்டியிருந்தனர். சாயத்தொழில் அறிந்த திருப்பூர் மக்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அசைவற்ற நீர்த்தொட்டியில் ஒரு துளிச் சாயத்தை விட்டால் அது மேகம்போல் நாற்புறமும் கலைந்து பரவும். சீராகச் சுழலும் தொட்டியில் விட்டு நீரை மெல்ல அசைத்தால், அச்சாயம் மேலிருந்து கீழ்வரை நிற்கும் திரைச்சீலைகளாக நீளும். நீர் நீராயிருந்தும் நட்டுவைத்த தூண்களின் தன்மையைப் பெற்றுவிடுகின்றது.

தூணாகிவிட்ட நீர் எவ்வாறு கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் புரள இயலும்? இயலாது, அன்றேல் மிக அரிது. அவ்வருமை எவ்வளவு என்பதைத்தான் சந்திரசேகர் 1953இல் அரசவைக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்ட கட்டுரையில் கணக்கிட்டார். விரைந்து சுழலும் படலத்தில் சுழற்சியின் வேகம் பத்து மடங்காயின், கொதிப்புத் தொடங்குவதற்கு வேண்டும் சூட்டின் வேறுபாடு ஏறத்தாழ 21 மடங்காகின்றது. அவ்வாறு தொடங்கும் கொதிப்பின் அறைகளும் முன்போல் அகன்றிரா. அகலம் பாதிக்கும் கீழாகச் சுருங்கும். சுழற்சி மிக மிக, அறைகள் ஒடுங்கி, மெலிந்து உயர்ந்த தூண்களாகின்றன.

இதில் ஒரு முரணும் உண்டு. அசையாத பாத்திரத்தில் கொதிப்புக்குப் பகையாக நிற்பது பிசுக்கு. விரைந்து சுழலும் பாத்திரத்திலோ அதுவே துணையாகின்றது. பிசுக்கு அறவே இல்லாத பாய்மத்தைச் சுழற்சியின் பிடி முற்றும் கட்டிவிடும். சிறிதளவு பிசுக்கு இருந்தால்தான் அப்பிடி தளர்ந்து பாய்மம் மேலெழ வழி பிறக்கும். ஓரிடத்தில் தடையாவது வேறோரிடத்தில் விடுதலையாகின்றது.

எடிங்டனின் சொல்

பாதரசம் போன்ற பாய்மங்களில் வேறொரு புதுமையையும் அக்கணிதம் காட்டியது. வெப்பம் விரைந்து கசியும் அத்தகைய பாய்மத்தைச் சுழற்றிச் சூடாக்கினால், அது ஒரே சீராய்ப் புரளாமல் ஊஞ்சல்போல் முன்னும் பின்னுமாய் ஆடி ஆடிக் கொதிப்பில் நுழையும். நிலைகுலைந்த பாய்மத்தை மீண்டும் நிலைக்குக் கொணர முயலும் விசை, தன் வலிமையாலேயே அதனை மறுபுறம் தள்ளிவிடுகின்றது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதினும் பெரிதாகின்றது. நிலைப்பின் மிகுதியே நிலைகுலைவாகும் இந்நிலையை மிகைநிலைப்பு எனத் தமிழில் சொல்லலாம்.

இக்கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் வேறு யாருமல்லர், எடிங்டனே. விண்மீன்களின் துடிப்பை விளக்க அவர் படைத்த அச்சொல்லைச் சந்திரசேகர் தயக்கமின்றி எடுத்தாண்டார். அதன் உரிமை எடிங்டனுடையது என்பதையும் தம் நூலில் பதிவு செய்தார். சிகாகோவில் ஃபுல்ட்சு, நாககாவா முதலியோர் 1954இல் சுழலும் பாதரசத்தில் இவ்வாட்டத்தைச் சோதனையால் கண்டபோது, தம் கட்டுரையின் தலைப்பிலேயே எடிங்டனின் பெயரை வைத்தனர். எடிங்டன் 1944இலேயே மறைந்துவிட்டார். அவையில் தம்மை நகையாடியவரின் சொல்லுக்கு, அவர் மறைந்தபின் சுழலும் பாதரசத்தில் வாழ்வு தந்த கணிதம் சந்திரசேகருடையது. 1982இல் கேம்பிரிட்ஜில் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை ஆற்றியவரும் அவரே. அக்காலத்து வானியற்பியலாருள் தலைசிறந்தவர் எடிங்டன் என்று அங்கே போற்றினார். அவர் இழைத்த பிழையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

துணைநின்ற கை

இக்கணக்குகளை எண்ணளவில் செய்து முடிப்பது எளிதன்று. கணிப்பொறி பரவாத அந்நாளில், மேசைக் கணக்கு எந்திரத்தில் ஒவ்வோர் எண்ணாகப் பெருக்கியும் வகுத்தும் பெறுதல் வேண்டும். அவ்வுழைப்பில் பெரும்பங்கு தோனா எல்பர்ட் என்னும் பெண்மணியுடையது. 1948இல் கணக்கீட்டு உதவியாளராகச் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சந்திரசேகரிடம் பணியாற்றியவர் அவர். சுழற்சியும் கொதிப்பும் பற்றிய கட்டுரையின் 1955ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில் அவர் பெயரும் ஆசிரியர் பெயராக இடம்பெற்றது.

சுழற்சியைப் போன்றே காந்தப்புலமும் மின்கடத்தும் பாய்மத்தின் கொதிப்பை அடக்கும் என்பதைச் சந்திரசேகர் கண்டிருந்தார். இரண்டும் ஒருங்கே செயற்பட்டால் தடை இரட்டிப்பாகும் என்றே யாரும் எண்ணுவர். நிகழ்வது அதுவன்று. சில நிலைகளில் ஒரு கட்டு மற்றொரு கட்டை நெகிழ்த்துகின்றது, கொதிப்பு எளிதாகின்றது. அவ்வாறு நெகிழும் ஓர் இடைநிலையில் அகன்ற அறைகளும் ஒடுங்கிய அறைகளும் ஒருங்கே தோன்றக்கூடும் என்பதைக் கணக்கின் வழியே கண்டவர் எல்பர்ட். அது அவருடைய கண்டுபிடிப்பு என்று சந்திரசேகர் தம் நூலில் குறித்துள்ளார். ஆயின் அது ஒரு குறிப்பாகவே நின்றது. அப்பொருள் பற்றிய கட்டுரையில் எல்பர்ட் ஆசிரியராக இடம்பெறவில்லை. பெரியோரின் வாழ்வைப் பேசும்போது இதனையும் பேசுதல் முறையாகும். எல்பர்ட் 2019இல் மறைந்தார். 2022இல் ஹார்ன், ஆர்னோ ஆகிய அறிஞர் இருவர் அவ்விடைநிலைக்கு எல்பர்ட் வீச்சு எனப் பெயரிட்டு, அரசவைக் கழகத்தின் ஏட்டிலேயே கட்டுரை வெளியிட்டனர். எல்லை ஒன்று சந்திரசேகர் பெயரைத் தாங்கியது போல, வீச்சு ஒன்று எல்பர்ட் பெயரைத் தாங்கலாயிற்று.

பத்தாண்டு உழைப்பின் பயனாகப் பாய்மங்களின் நிலைப்பு பற்றிய பெருநூல் 1961இல் ஆக்சுபோர்டில் வெளிவந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் சுழற்சிக்கும் காந்தப்புலத்துக்கும் தனித்தனி இயல்களை உடையது அது. தம் வழக்கப்படி அவர் அத்துறையை விட்டு நீங்கினார். துறையோ அந்நூலை விட்டு நீங்கவில்லை.

ஞாயிறு அளித்த சான்று

சந்திரசேகர் கணக்கிட்டது மெல்லிய படலத்தில் கொதிப்புத் தொடங்கும் நொடியை. ஞாயிறு அத்தொடக்கத்தைக் கோடிகோடி மடங்கு கடந்து கொந்தளிப்பது. ஆகவே அவருடைய எண்களை அப்படியே அதன்மேல் ஏற்றிவிட முடியாது. ஆனால் சுழற்சி கொதிப்பைப் பிடித்து ஒடுக்கும் என்னும் அடிப்படை அங்கும் பொருந்துவதாகும்.

ஞாயிற்றின் ஆரத்தில் புறத்தே உள்ள ஏறத்தாழ 30 விழுக்காடு கொதிக்கும் மண்டலம். அதன் ஆழம் ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். அடியில் வெப்பம் ஏறத்தாழ 20 லட்சம் பாகை. மேற்பரப்பில் ஏறத்தாழ 5,500 பாகை. மேற்பரப்பில் காணும் சிறு கொதிப்பறைகள் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலமுடையவை. பத்து நிமிட அளவில் தோன்றி மறைபவை. ஞாயிறு தன் நடுக்கோட்டில் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 25 நாள் ஆகும். பத்து நிமிடமே வாழும் அறைக்கு அச்சுழற்சி தெரிவதே இல்லை. ஆழத்தில் மெல்ல எழுந்து இறங்க ஒரு திங்கள் அளவு கொள்ளும் பேரோட்டங்களே அதன் பிடியில் அகப்படுகின்றன.

அவ்வாறு அகப்பட்டு வளைந்த ஓட்டங்கள் சுழற்சியையே இடம் மாற்றிச் சுமக்கின்றன. அதனால் ஞாயிறு திண்பொருள்போல் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நடுக்கோட்டில் 25 நாளில் முடியும் சுற்று, துருவங்களின் அருகே 35 நாள் அளவு நீளுகின்றது. பழனி மலைத்தொடரின்மேல் உள்ள கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் எடுத்துவந்த ஞாயிற்றுப் படங்கள், அதன் கரும்புள்ளிகள் நகரும் வேகத்தை அளந்தறியப் பெரிதும் பயன்பட்டுள்ளன. ஞாயிற்றின் அதிர்வுகளைக் கொண்டு அதன் உட்புறச் சுழற்சியை அறியும் கலையும் பின்னர் வளர்ந்தது. உதயப்பூர் உள்ளிட்ட ஆறு இடங்களில் அமைந்த நோக்ககங்களும், 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோகோ விண்கலமும் அக்கலைக்குக் கண்களாயின.

அங்கே ஒரு புதிர் எழுந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு விரியும் பேரறைகள் உள்ளே வலிமையோடு புரளும் என அறிஞர்கள் எதிர்பார்த்தனர். 2012இல் சிரவண் அனசோகே, கட்டேபள்ளி சீனிவாசன் முதலியோர் அதிர்வுகளை ஆராய்ந்து, அத்தகைய பேரோட்டங்கள் எதிர்பார்த்ததினும் மிக மிக மெலிந்தவை என அறிவித்தனர். பேரறைகள் எங்கே போயின? 2021இல் வாசில், சூலியன், ஃபெதர்ஸ்டோன் ஆகிய மூவர் ஒரு விடை பகர்ந்தனர். சுழற்சியின் பிடி ஆழத்தில் எதிர்பார்த்ததைவிட வலிது. அது பேரறைகளை எழவொட்டாமல் ஒடுக்கி, ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் அளவோடு நிறுத்திவிடுகின்றது என்பது அவர்கள் கருத்து. மேற்பரப்பில் நெடுநாளாகக் கண்டுவரும் இடைநிலை அறைகளின் அளவும் அதுவே. இப்புதிர் குறித்த ஆய்வு தொடர்கின்றது. ஆயினும் விடை தேடுவோர் நடக்கும் பாதையின் தொடக்கத்தில் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை நிற்கின்றது.

அழகின் தேட்டம்

பின்னைய ஆண்டுகளில் சுழலும் நீர்மக் கோளங்களையும், பின்னர்க் கருந்துளைகளையும் சந்திரசேகர் ஆராய்ந்தார். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1968இல் பத்ம விபூசண் விருதும், 1983இல் வில்லியம் ஃபௌலரோடு நோபல் பரிசும் அவரை அடைந்தன. அவை சிரித்த 1935ஆம் ஆண்டுக்கும் பரிசு வந்த ஆண்டுக்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

கவிஞர்கள் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் ஆகிய மூவரை ஒப்பவைத்து 1975இல் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். கவிஞரும் இசையாளரும் முதுமையில் மேன்மேலும் உயர, அறிவியலார் மட்டும் இளமையோடு ஓய்ந்துவிடுவது ஏன் என்று அதில் வினவினார். அவ்வுரை இடம்பெற்ற நூல் உண்மையும் அழகும் என்னும் பொருளுடைய தலைப்பில் 1987இல் வெளிவந்தது. அவ்வினாவுக்கு அவர் வாழ்வே ஒரு மறுமொழியாகும். நியூட்டனின் பெருநூலுக்கு எளிய வாசகர்க்கென அவர் எழுதிய விளக்கம் 1995இல், அவருடைய 84ஆம் அகவையில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்சு கதிர் வானாய்வகம் சந்திரா என்னும் அவர் பெயரைப் பெற்றது. இலலிதா அம்மையார் 102 அகவை வாழ்ந்து 2013இல் மறைந்தார்.

கட்டுண்ட கொதிப்பு

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் வட்டப் பின்னல் எந்திரம் சுழல்வதைக் காண்பவர், கூம்புகளிலிருந்து இழுபட்டு வரும் தனித்தனி நூல் சுழற்சியின் வழியே கண்ணி கண்ணியாகக் கோத்துத் துணியாவதைக் காண்பர். நூலின் உரிமையைச் சுழற்சி பறித்தது என்று யாரும் வருந்துவதில்லை. கொதிப்புக்கும் அதுவே நிகழ்கின்றது. சுழற்சியின் பிடியில் அகப்பட்ட கொதிப்பு, அதனை வெல்லும் சூடு உள்ளவரை, அணைந்துபோவதில்லை. சிதறி அலைந்தது ஒடுங்கி நிமிர்ந்து உயர்கின்றது. சூடு குறைந்த இடத்தில் மட்டும் கட்டு வெல்கின்றது; நீர் அசைவற்றுக் கிடக்கின்றது.

யாப்பு கவிதைக்குத் தளையா, துணையா என்னும் வழக்கு தமிழ்க் கவிஞரிடையே தீர்ந்தபாடில்லை. சந்திரசேகரின் கணிதம் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்ததன்று. எனினும் கட்டின் வலிமையை மட்டும் அளந்து பயனில்லை. அதற்கு ஈடாக அடியில் எரியும் தீ எவ்வளவு என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும் என்பதை அது கற்பிக்கின்றது. ஏளனம், பிரிவு, நிறவேற்றுமை எனத் தம்மைச் சூழ்ந்த கட்டுகள் அனைத்தினும் மிக்க தீயை உள்ளே வளர்த்தவர் அவர். அத்தீயை முதலில் மூட்டியவர் ஒரு தமிழ்த்தாய் என்பதை, தைத் திங்களில் ஞாயிற்றுக்குப் பொங்கலிடும்போதெல்லாம் தமிழர் நினைவுகூர்தல் தகும்.